பழைய டிவி கண்ணாடியும் அதற்குள் இருக்கும் ஈயமும்: எங்கள் தெருவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியாசர்பாடியில் மாலை வேளைகளில் பிளஸ் டூ மாணவர்களுக்கு வேதியியல் சொல்லித் தருகிறேன். வீட்டுக்கு எதிரே ஒரு காயலான் கடை. 2006-க்குப் பிறகு அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் இப்போது ஒவ்வொன்றாக அந்தக் கடை வாசலுக்கு வந்து சேர்கின்றன. தாமிரக் கம்பியும் பிளாஸ்டிக்கும் விலைபோன பிறகு கண்ணாடி மட்டும் மூட்டையில் கிடக்கிறது. அதைப் பற்றித் தெருவின் இந்தப் பக்கம் மாணவர்கள் கேட்பதும் அந்தப் பக்கம் கடைக்காரர்கள் கேட்பதும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தாம். சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதால் எழுதி வைத்துவிட்டேன். முன்னால் இருப்பவை எளியவை. போகப் போகச் சிக்கல் கூடும்.

1. கண்ணாடி என்றால் மணலை உருக்கிச் செய்வதுதானே சார்? அதில் உலோகம் எங்கிருந்து வந்தது?

மணலை மட்டும் உருக்க ஏறக்குறைய 1,700 டிகிரி வெப்பம் வேண்டும். அதைக் குறைக்கவும், வேண்டிய குணத்தைக் கொடுக்கவும் வேறு ஆக்சைடுகளைச் சேர்ப்பார்கள். ஜன்னல் கண்ணாடியில் சோடாவும் சுண்ணாம்பும் சேரும். டிவியின் பிக்சர் டியூபில் இவற்றோடு ஈயம், பேரியம், ஸ்ட்ரான்சியம் ஆகியவற்றின் ஆக்சைடுகளையும் சேர்த்து உருக்கினார்கள்.

உருகிக் கலந்த பிறகு ஈயம் என்று தனியாக ஒரு துகளைக் காட்ட முடியாது. ஒவ்வொரு ஈய அணுவும் தன்னைச் சுற்றியுள்ள ஆக்சிஜன் அணுக்களோடு பிணைந்து, கண்ணாடியின் வலைப்பின்னலிலேயே ஓர் உறுப்பாகிவிட்டது. அதனால்தான் கண்ணாடி தெளிவாகவே இருக்கிறது.

2. டியூபின் பின்பக்கம் கருப்பாகப் பூசியிருக்கிறதே, அதுதானே ஈயம்? அதைச் சுரண்டிவிட்டால் போதுமா?

அது கிராஃபைட். பென்சிலில் இருக்கும் அதே கரி. மின்சாரத்தைக் கடத்துவதற்காகப் பூசியது. எவ்வளவு சுரண்டினாலும் ஈயம் குறையாது. கை கருப்பாவதுதான் மிச்சம்.

3. ஒரு டியூப் முழுக்க ஈயம் ஒரே அளவாகத்தான் இருக்குமா?

இருக்காது. நாம் பார்க்கும் முன்முகக் கண்ணாடியில் ஈயம் பெரும்பாலும் இல்லை, அல்லது மிகக் குறைவு. அங்கே பேரியமும் ஸ்ட்ரான்சியமும்தான் வேலை செய்கின்றன. பின்னால் இருக்கும் புனல் பகுதியில் எடையில் 20 முதல் 25 சதவீதம் ஈய ஆக்சைடு. புனலின் நுனியில் இருக்கும் ஒல்லியான கழுத்தில் அது 30 சதவீதத்தைத் தொடும். முகத்தையும் புனலையும் ஒட்டுவதற்குப் பயன்படுத்திய பற்றுக் கண்ணாடி இருக்கிறதே, அதில் 70 சதவீதத்துக்கும் மேல். அளவில் ஒரு கோடு மாதிரி மெலிதாக இருப்பதால் அதை யாரும் கவனிப்பதில்லை.

முகத்தில் ஏன் ஈயம் போடவில்லை என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. எலக்ட்ரான்கள் ஓயாமல் வந்து மோதும்போது ஈயம் கலந்த கண்ணாடி நாளடைவில் பழுப்பாகிவிடும். பழுப்புக் கண்ணாடி வழியாக யார் படம் பார்ப்பார்கள்?

4. எங்கள் ஆயா ஈயச் சொம்பில்தான் ரசம் வைப்பார். எண்பது வயது வரை நன்றாகத்தானே இருந்தார்?

இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. குற்றம் நம் பேச்சுவழக்கில் இருக்கிறது. ஈயம் என்ற ஒரே சொல்லில் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறோம். ரசச் சொம்பு செய்வதும், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும் வெள்ளீயம். டிவி கண்ணாடியிலும் பேட்டரியிலும் இருப்பது காரீயம். உங்கள் ஆயா வைத்த ரசம் வெள்ளீய ரசம், அது உண்மையான வெள்ளீயச் சொம்பாக இருந்தவரையில். மலிவாகக் கிடைக்கிறதே என்று காரீயம் கலந்த சொம்பை வாங்கிப் புளி ஊற்றிக் கொதிக்கவைத்தால், 9-ஆம் கேள்வியில் நான் பயப்படும் அத்தனையும் அடுப்பங்கரையிலேயே நடக்கும்.

இரண்டுக்கும் ஒரே பெயர் வந்ததில் ஒரு நியாயமும் உண்டு. தனிம வரிசை அட்டவணையில் இரண்டும் 14-ஆம் தொகுதியில் மேலும் கீழுமாக அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டின் வெளிக்கூட்டிலும் 4 எலக்ட்ரான்கள். வெள்ளீயத்தின் அணு எண், அதாவது கருவிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை, 50; காரீயத்தின் அணு எண் 82. கீழே வரும் பதில்களில் ஈயம் என்று நான் எழுதுவதெல்லாம் காரீயமே.

5. கன உலோகம் என்கிறார்களே, அணுவுக்குள் அப்படி என்ன கனம்?

கன உலோகம் என்ற சொல்லுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட வரையறை கிடையாது. ஒருவர் அடர்த்தியைப் பார்ப்பார், ஒருவர் அணு எண்ணைப் பார்ப்பார், இன்னொருவர் நஞ்சா இல்லையா என்று மட்டும் பார்ப்பார். ஈயம் எந்த அளவுகோலிலும் தேறிவிடும் என்பதால் நமக்குச் சண்டை இல்லை.

ஈய அணுவின் கருவில் 82 புரோட்டான்கள். அதிகம் கிடைக்கும் ஐசோடோப்பில் 126 நியூட்ரான்கள். சுற்றிலும் 82 எலக்ட்ரான்கள், உள்ளிருந்து வெளியே 2, 8, 18, 32, 18, 4 என்று ஆறு கூடுகளில். எங்கள் பகுதியில் கேரம் தெரியாத பையன் இல்லை, ஆகவே கேரத்தையே எடுத்துக்கொள்கிறேன். அணுக்கருவை ஒரு கேரம் காய் அளவுக்குப் பெரிதாக்கினால், அணுவின் ஓரம் ஏறக்குறைய 400 மீட்டர் தள்ளி இருக்கும். அணுவின் எடை முழுவதும் அந்தக் காயில்; மீதியெல்லாம் எலக்ட்ரான்கள் உலவும் வெளி.

ஒரு சிலிக்கான் அணுவைப் போல ஏழு மடங்குக்கு மேல் எடை கொண்டது ஓர் ஈய அணு. புனல் கண்ணாடியில் இதன் விளைவு வேடிக்கையானது. நான் போட்ட தோராயக் கணக்கில், அங்கே 100 அணுக்களை எண்ணினால் மூன்றுகூட ஈயம் இல்லை. ஆனால் எடையில் ஐந்தில் ஒரு பங்கு ஈயம். ஒரு கிலோ புனல் கண்ணாடியில் சுமார் 200 கிராம்.

6. இவ்வளவு ஈயத்தை எதற்காகப் போட்டார்கள்? வேறு எதுவும் கிடைக்கவில்லையா?

கழுத்திலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்கள் 20,000 முதல் 30,000 வோல்ட் வரையிலான மின்னழுத்தத்தில் பாய்ந்து வந்து மோதுகின்றன. அந்த மோதலில் எக்ஸ் கதிர் பிறக்கும். டிவிக்கு முன்னால் பாய் போட்டு உட்கார்ந்திருக்கும் குடும்பத்தின் மேல் அது படக் கூடாது. எக்ஸ் கதிரை விழுங்க, எலக்ட்ரான் கூட்டம் நெருக்கமாக உள்ள கனமான அணு வேண்டும். அணு எண் கூடக் கூட விழுங்கும் திறன் நாலு மடங்கு, ஐந்து மடங்கு என்ற கணக்கில் ஏறுவதில்லை. அணு எண்ணின் நான்காம் அடுக்கை ஒட்டி ஏறுகிறது. ஈயம் மலிவு, கண்ணாடியை எளிதாக உருகவும் வைக்கிறது. வேறு எதைத் தேடுவார்கள்?

விடைத்தாள்களில் நான் அடிக்கடி சிவப்பு மையால் வட்டமிடும் தவறு ஒன்று உண்டு: "ஈயத்தின் கே கூட்டு எலக்ட்ரான்கள் எக்ஸ் கதிரை உறிஞ்சுகின்றன." கருவுக்கு மிக அருகிலுள்ள அந்த உட்கூட்டு எலக்ட்ரானைப் பெயர்த்தெடுக்க 88 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். டிவியில் பிறக்கும் எக்ஸ் கதிருக்கு 30-க்கு மேல் திராணி கிடையாது. ஆக, வேலை செய்வது அடுத்த கூடு, அதாவது எல் கூடு. அங்கே 13 முதல் 16 வரை இருந்தால் போதும். முன்முகத்தில் ஸ்ட்ரான்சியம் ஏன் என்பதும் இப்போது விளங்கும். அதன் கே கூட்டு எலக்ட்ரானை 16 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டிலேயே பெயர்த்துவிடலாம். 16-க்கும் 30-க்கும் நடுவே வரும் கதிருக்கு அது கச்சிதமான பொறி.

7. எக்ஸ் கதிரைக் குடித்துக் குடித்து இந்தக் கண்ணாடியே கதிர்வீசும் பொருளாகிவிடுமா?

ஆகாது. எக்ஸ் கதிர் தொடுவது எலக்ட்ரான்களை மட்டுமே. கருவை அது அசைப்பதில்லை. பிளக்கைப் பிடுங்கிய நொடியில் கதிர் நின்றுவிடும். ஈயத்தின் கருவோ உலகின் உறுதியான கருக்களில் ஒன்று. யுரேனியமும் தோரியமும் சிதைந்து சிதைந்து கடைசியில் வந்து ஓய்வதே ஈயத்தில்தான்.

8. மந்த இணை விளைவு என்று பாடத்தில் வருகிறது. குப்பைக் கண்ணாடிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே. வெளிக்கூட்டில் 4 எலக்ட்ரான்கள் இருந்தும் ஈயம் பெரும்பாலும் இரண்டைத்தான் கொடுக்கிறது. மற்ற இரண்டும், அதாவது ஆறாவது கூட்டின் 6எஸ் எலக்ட்ரான்கள், கருவை ஒட்டி ஒதுங்கி உட்கார்ந்துகொள்கின்றன. இந்த இரண்டையும்தான் மந்த இணை என்கிறோம். 82 புரோட்டான்களின் இழுப்பில் ஈயத்தின் உள் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய 60 சதவீத வேகத்தில் ஓடுகின்றன. அந்த வேகத்தில் ஐன்ஸ்டைனின் சார்பியல் விதி தலையிடுகிறது. எலக்ட்ரானின் நிறை கூடியதுபோல் ஆகி, உள்கூடு சுருங்குகிறது. அதோடு சேர்ந்து வெளியே இருக்கும் 6எஸ் கூடும் சுருங்குகிறது. வெள்ளீயத்தில் இந்த விளைவு அற்பம். அதனால் வெள்ளீயம் நான்கையும் கொடுக்கத் தயங்குவதில்லை.

நம்ப மறுப்பவர்களிடம் நான் பேட்டரியைக் காட்டுவேன். 2011-இல் வெளியான ஒரு கணக்கீட்டின்படி, ஈய அமில பேட்டரியின் மின்னழுத்தத்தில் பெரும்பங்கு இந்தச் சார்பியல் விளைவால்தான் கிடைக்கிறது. 12 வோல்ட் பேட்டரியில் சுமார் 10 வோல்ட். தெருமுனையில் நிற்கும் ஆட்டோ ஐன்ஸ்டைன் தயவில்தான் ஸ்டார்ட் ஆகிறது.

கண்ணாடிக்குள் அந்த ஒதுங்கிய இணை ஒரு பக்கத்தை அடைத்துக்கொள்வதால், ஆக்சிஜன் அணுக்கள் ஈயத்தின் மறுபக்கம் மட்டும் மூன்று நான்காகக் கூடுகின்றன. குடையின் உச்சியில் ஈயம், கம்பிகளின் முனைகளில் ஆக்சிஜன் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். சிலிக்கானைப் போல நாற்புறமும் கைகோத்துக்கொண்ட பிடிப்பு அதற்கு இல்லை. அடுத்த கேள்விக்கு இதுதான் சாவி.

9. கண்ணாடிக்குள் பிணைந்துதானே இருக்கிறது? பிறகு ஏன் பயமுறுத்துகிறீர்கள் வாத்தியாரே?

முழு டியூபைக் கண்டு பயப்படத் தேவையில்லை. பல ஆண்டுகள் அதற்கு முன்னால் சோறு சாப்பிட்டோம், ஒன்றும் ஆகவில்லை. உடைந்து, அதன் மேல் அமிலம் படும்போதுதான் கதை மாறுகிறது. அமிலத்திலுள்ள ஹைட்ரஜன் அயனிகள் கண்ணாடியின் மேற்பரப்பில் நுழைந்து, தளர்வாகப் பிணைந்துள்ள ஈய அயனியை வெளியேற்றி அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஈயம் தண்ணீரோடு போய்விடும்.

அமிலம் எங்கிருந்து வரும் என்று கேட்காதீர்கள். காய்கறிக் கழிவும் மீந்த சோறும் குப்பையில் புளிக்கும்போது அசிட்டிக் அமிலம் போன்றவை உருவாகின்றன. கொடுங்கையூர் குப்பைமேட்டின் பக்கம் ஒருமுறை போய்வந்தவருக்கு அந்த வாடையே சாட்சி. அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். கண்ணாடியை 9.5 மில்லிமீட்டருக்கும் சிறிதாக உடைத்து, அசிட்டிக் அமிலக் கரைசலில் சுமார் 18 மணி நேரம் உருட்டுவார்கள். கரைசலில் ஈயம் லிட்டருக்கு 5 மில்லிகிராமைத் தொட்டால் அது அபாயக் கழிவு. புனல் கண்ணாடி அந்த வரம்பைச் சுலபமாகத் தாண்டிவிடுகிறது. முன்முகம் பெரும்பாலும் தாண்டுவதில்லை.

10. சார், மாஞ்சாவுக்கு டியூப்லைட்டுக்குப் பதில் இதை அரைத்துப் போட்டால்?

கேட்ட பையனின் பெயரை எழுதவில்லை. மாஞ்சா நூலுக்குத் தடை இருக்கிறது. வண்டியில் போகிறவர்களின் கழுத்தை அறுத்து உயிரை வாங்கியிருக்கிறது. அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் வேதியியலுக்கே வந்தேன்.

ஒரு சென்டிமீட்டர் கனசதுரக் கண்ணாடிக்கு மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு அளவுக்கு அரைத்தால் மேற்பரப்பு 6,000 சதுர சென்டிமீட்டராகிவிடும். ஒரு கேரம் போர்டின் ஆடுதளத்தைவிடச் சற்றுப் பெரிது. கண்ணாடி அதே கண்ணாடிதான், ஈயமும் அதே ஈயம்தான். அமிலம் தொடக்கூடிய இடம் மட்டும் ஆயிரம் மடங்கு. இப்போது அந்தத் தூளைக் கையால் நூலில் தடவி, அதே கையால் பஜ்ஜி சாப்பிடுகிறான். வயிற்றில் இருப்பது குப்பைமேட்டில் உள்ளதைவிடக் கடுமையான அமிலம். 9-ஆம் கேள்வியில் சொன்ன சோதனையை அவன் தன் வயிற்றுக்குள்ளேயே நடத்திக்கொள்கிறான்.

11. உடைக்கும்போது டப் என்று வெடிக்கிறதே, உள்ளே ஏதாவது விஷவாயு அடைத்திருக்கிறதா?

உள்ளே ஒன்றுமே இல்லை, அதுதான் சங்கதி. வெற்றிடம். 14 அங்குல முகத்தின் மேல் மட்டும் வெளிக்காற்று சுமார் 600 கிலோ எடைக்குச் சமமான விசையோடு அழுத்திக்கொண்டிருக்கிறது. விரிசல் விட்டால் கண்ணாடி உள்நோக்கிச் சரிந்து, பிறகு நாலாபக்கமும் தெறிக்கும். கழுத்தை முதலில் ஒடித்துக் காற்றை உள்ளே விடுகிறார்கள் நம் ஆட்கள். அதிக ஈயம் உள்ள பகுதியையே முதலில் நொறுக்குகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

முகத்தின் உட்புறம் வெண்மையாக உதிரும் தூளையும் ஊதித் தள்ளாதீர்கள். நிறம் காட்டிய பொருள் அது: துத்தநாக சல்ஃபைடும், சிவப்புக்கு யூரோப்பியம் சேர்த்த யிட்ரியம் சேர்மமும். மிகப் பழைய டியூப்களில் காட்மியமும் உண்டு.

12. நெருப்பில் போட்டால் ஈயம் உருகித் தனியாக வந்துவிடாதா? கிலோவுக்கு நல்ல விலை கிடைக்குமே?

வராது. 327 டிகிரியில் உருகுவது உலோக ஈயம். கண்ணாடியில் இருப்பது இரண்டு எலக்ட்ரான்களை இழந்த அயனி. இழந்ததைத் திருப்பிக் கொடுத்தால்தான் அது உலோகமாகும். கரியோடு சேர்த்து 1,000 டிகிரி அளவில், புகையைப் பிடிக்கும் வசதியுள்ள மூடிய உலையில் செய்யும் வேலை அது. புகை மண்டும் திறந்த நெருப்பில் கண்ணாடியின் மேற்பரப்பு மட்டும் கருக்கும். அந்தக் கருமைதான் நீங்கள் சம்பாதித்த ஈயம். வழித்து எடுக்கவும் முடியாது.

ஒரு கடைக்காரர் சாம்பலிலிருந்து வெள்ளி நிற உருண்டை ஒன்றை எடுத்துவந்து என்னை மடக்கப் பார்த்தார். அது கண்ணாடியிலிருந்து வந்ததில்லை. டியூபோடு சேர்ந்து தீயில் விழுந்த சர்க்யூட் போர்டின் பற்றாசு. வெள்ளீயமும் காரீயமும் கலந்த அது 200 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும்.

13. மதில் சுவரின் மேல் சில்லுகளாகப் பதித்துவிடலாமா?

வேண்டாம். சிமெண்ட் அமிலமில்லையே, காரம்தானே என்று ஒரு மாணவன் வாதாடினான். ஈய ஆக்சைடு ஈரியல்பு உடையது. அமிலத்திலும் கரையும், கடுமையான காரத்திலும் கரையும். ஈரச் சிமெண்ட் கடுமையான காரம். சோடா பாட்டில் சில்லுக்கு இந்தத் தொல்லை இல்லை.

14. வேலை முடிந்ததும் வாழைப்பழமும் வெல்லமும் சாப்பிட்டால் தூசி வெளியே போய்விடும் என்கிறார்களே?

பழம் நல்லது, சாப்பிடுங்கள். ஈயத்தை அது வெளியேற்றாது. ஈய அயனி இரட்டை நேர்மின்சுமை கொண்டது. உருவத்தில் கால்சியம் அயனியைவிடச் சற்றே பெரிது. உடல் ஏமாந்து கால்சியம் என்று நினைத்து உள்ளே விடுகிறது. இரத்தத்தில் ஒரு மாதம் போல இருந்து, எலும்பில் பல்லாண்டுக் கணக்கில் குடியேறிவிடும். இரத்தச் சிவப்பணுவுக்கான ஹீம் தயாரிக்கும் நொதியொன்றில் துத்தநாகம் இருக்க வேண்டிய இடத்தை ஈயம் பிடித்துக்கொள்வதால் இரத்தசோகை வரும். குழந்தைகளுக்கு மூளை வளர்ச்சியே பாதிக்கும். விழுங்கிய ஈயத்தில் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கை அவர்கள் உடல் உறிஞ்சும். இதற்கும் குறைவானால் ஆபத்தில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

சாப்பாட்டில் கால்சியமும் இரும்பும் போதுமான அளவு இருந்தால் ஈயம் உறிஞ்சப்படுவது குறையும். வெறும் வயிற்றில் வேலை செய்யாதீர்கள். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். வேலைச் சட்டையோடு வீட்டுக்குள் போய்க் குழந்தையைத் தூக்காதீர்கள்.

15. இப்போது எல்லாம் தட்டை டிவிதான். ஈயத் தொல்லை ஒழிந்தது, இல்லையா?

கண்ணாடியில் ஈயம் ஒழிந்தது. பழைய எல்.சி.டி. பெட்டிகளில் திரைக்குப் பின்னால் பென்சிலைவிட மெல்லிய விளக்குக் குழல்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம். எல்.இ.டி. விளக்கு வைத்த பெட்டிகளில் அது இல்லை. பாதரசத்தின் அணு எண் 80. அதன் 6எஸ் எலக்ட்ரான்களும் 8-ஆம் கேள்வியில் சொன்னதுபோலவே சுருங்கி ஒதுங்கியவை. பக்கத்து அணுவோடு சேர மனமில்லாதவை. அதனால்தான் அந்த உலோகம் திரவமாக இருக்கிறது, குழல் உடைந்தால் அறை வெப்பத்திலேயே ஆவியாகிறது. மேலும், எல்.சி.டி. கண்ணாடியைக் குமிழி இல்லாமல் வார்க்க முன்பு ஆர்சனிக் ஆக்சைடு சேர்த்ததும் உண்டு.

16. அப்படியானால் வீட்டில் கிடக்கும் பழைய டிவியை என்னதான் செய்வது?

திறக்காமல், உடைக்காமல் முழுசாகக் கொடுங்கள். அனுமதி பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளர்களின் பட்டியல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகள் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் தலையில் வைக்கின்றன. காயலான் கடைக்காரரைத் திட்டி பயனில்லை. தாமிரத்துக்கு விலை உண்டு, கண்ணாடிக்கு இல்லை. விலை இல்லாததை அவர் எத்தனை நாள் கடையில் வைத்திருப்பார்? மழைக்கு முன் அது ஏதாவது ஒரு கால்வாய் ஓரம் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

17. துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை வைத்துக் கண்ணாடியில் ஈயம் எவ்வளவு என்று நொடியில் சொன்னார்கள். அது எப்படி?

6-ஆம் கேள்வியைத் தலைகீழாகப் போடுங்கள். கருவி எக்ஸ் கதிரை அனுப்பி ஈயத்தின் எல் கூட்டிலிருந்து ஓர் எலக்ட்ரானைத் தட்டிவிடுகிறது. காலியான இடத்துக்கு மேல் கூட்டிலிருந்து இன்னோர் எலக்ட்ரான் இறங்குகிறது. இறங்கும்போது வெளியேறும் எக்ஸ் கதிரின் ஆற்றல் ஒவ்வொரு தனிமத்துக்கும் தனித்தனி. 1913-இல் மோஸ்லி என்ற இளைஞர் இதை அளந்துதான் அணு எண்ணுக்கு உண்மையான பொருளைக் கொடுத்தார். இரண்டு ஆண்டுகளில், 27 வயதில், முதல் உலகப் போரில், துருக்கியின் கலிப்பொலியில் குண்டடிபட்டு இறந்துபோனார்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஈயத்தின் வலுவான கோடு, அதாவது அதிலிருந்து அதிகமாக வெளிவரும் எக்ஸ் கதிர், 10.55 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் விழும். ஆர்சனிக்கின் வலுவான கோடு 10.54. கருவியின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். 15-ஆம் கேள்வியில் வந்த எல்.சி.டி. கண்ணாடியைக் காட்டினால், ஆர்சனிக்கைப் பார்த்துவிட்டு ஈயம் என்று அது கூவக்கூடும். எனவே திரையில் வரும் முதல் எண்ணை நம்பாமல், 12.6-இல் ஈயத்தின் இரண்டாவது கோடும் எழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆர்சனிக்குக்கு அந்த இடத்தில் கோடு கிடையாது.